நிலத்துக்கொரு பறை

ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய கருப்பொருள்களைத் தொகுத்துக் கூறப் புகுந்த தொல்காப்பியனார் தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை என்று வரிசைப்படுத்தி வருங்கால் பறையையும் அவற்றுள் ஒன்றாக வைத்தார். பின்வந்த இலக்கணநூலாரும் உரையாசிரியரும் அதனை விரித்தனர். குறிஞ்சிக்குத் தொண்டகப்பறை, முல்லைக்கு ஏறுகோட்பறை, மருதத்துக்கு நெல்லரிகிணை, நெய்தலுக்கு மீன்கோட்பறை எனப் பெயர் வகுத்துத் தந்தனர். மாணவராயிருந்த நாளில் இதனை மனனம் செய்தபோது, நாட்டுக்கு ஒரு பறை போதாதா, நிலத்துக்கு ஒன்று எதற்கு என்று எனக்கு விளங்கியதில்லை. கேட்பவன் எங்கே நிற்கின்றான், அவனுக்குப் பழகிய ஓசை எது என்று அறிந்தே முழக்க வேண்டும் என்பது அதன் கருத்தாக இருக்கலாம் என இன்று தோன்றுகின்றது. பழந்தமிழர்க்குக் கையடக்கத் தொலைபேசி இருந்ததென்று நிறுவ வந்தேனல்லேன். அவ்வாறு நிறுவவல்ல நண்பர் சிலர் எனக்கு உளர். அப்பணியை அவர்க்கே விட்டுவிடுகின்றேன். யான் பேச எடுத்துக்கொண்டது 2025ஆம் ஆண்டு நவம்பர் மாத இறுதியில் இந்நாட்டு மலைகளில் நிகழ்ந்தது பற்றியும், அப்போது முழங்காத பறை பற்றியுமே.

நவம்பர் 27ஆம் திகதி, வியாழக்கிழமை இரவு. கிருலப்பனையில் எம் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளித் தங்கியிருந்து வெள்ளவத்தைத் துணிக்கடையொன்றில் வேலைசெய்யும் பெண்ணொருத்தி, கொட்டும் மழையிற் குடையுமின்றி வந்து கதவைத் தட்டினாள். அவளுடைய தாய் தந்தையர் இருப்பது பதுளை மாவட்டத்துத் தேயிலைத் தோட்டமொன்றில். தாய்க்கு யாரோ அனுப்பிய செய்தியொன்றைத் தாய் மகளுக்கு அனுப்பியிருந்தாள். அது எழுத்தாக அன்று, படமாக வந்திருந்தது, முழுவதும் சிங்களம். மேலே சிவப்பும் மஞ்சளுமாகச் சில கட்டங்கள். கீழே ஊர்ப்பெயர்களின் நீண்ட நிரல். “ஐயா, இதுல என்னா எழுதியிருக்குன்னு கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க” என்றாள்.

யான் சிங்களத்தை எழுத்துக்கூட்டி வாசிப்பவன்; விரைந்து வாசிப்பவனல்லேன். கண்ணாடியைத் தேடி அணிந்து, படத்தைப் பெரிதாக்கி, ஒவ்வொரு வரியாகப் படித்தேன். மண்சரிவு எச்சரிக்கை அது. மூன்றாம் நிலை என்பது வெளியேற வேண்டிய நிலை; சிவப்புக் கட்டத்தில் இருந்தவை அந்நிலைக்குரிய பிரதேச செயலகப் பிரிவுகள். தாயோடு தொலைபேசியிற் பேசினேன். அந்த அம்மையார் கேட்டது ஒரே கேள்விதான்: “அதுல எங்க தோட்டத்துப் பேரு இருக்குங்களா ஐயா?” தோட்டத்தின் பெயர் அதில் இல்லை; தோட்டப் பெயர் எதுவுமே இல்லை. “உங்கள் பிரதேச செயலகப் பிரிவு எது அம்மா?” என்று யான் கேட்டேன். அவருக்கு அது தெரியவில்லை. கொழுந்துக் கணக்குப் பதியுமிடம் தெரியும், பிள்ளைமடுவம் தெரியும், மேற்பிரிவு கீழ்ப்பிரிவு தெரியும். செயலகப் பிரிவின் பெயரை மகள் நினைவுகூர்ந்து சொல்வதற்குள் தொடர்பு அறுந்துபோயிற்று. அதன்பின் இரண்டு நாள் அத்தொலைபேசி பேசவில்லை.

அவர்கள் உயிர் தப்பினர் என்பதை இங்கேயே சொல்லிவிடுகின்றேன். லயத்திலிருந்த முதியவர் ஒருவர், பீலியில் வந்த தண்ணீர் திடீரெனச் சேறாகக் கலங்கியதைக் கண்டு, “மலை வயித்துல என்னமோ நடக்குது” என்று கூவி அனைவரையும் எழுப்பிக் கோயிலுக்கு அழைத்துச் சென்றாராம். ஊற்றுநீர் கலங்குதல் மண்சரிவின் முன்குறிகளுள் ஒன்று என்று இத்துறை அறிஞரும் கூறுவர். முதியவர் அதனை யாரிடமும் பாடமாகக் கற்றவரல்லர்.

எல்லா லயங்களிலும் அத்தகைய முதியவர் இருக்கவில்லை. ‘டித்வா’ எனவும் ‘திட்வா’ எனவும் நம் பத்திரிகைகள் பலவாறு எழுதிய அச்சூறாவளி (ஏமன் நாட்டார் சொக்கோத்திராத் தீவிலுள்ள கடனீரேரியொன்றின் பெயரை அதற்கு இட்டனர்) நவம்பர் 28ஆம் திகதி நாட்டைத் தாக்கியது. பறிபோன உயிர்கள் 600க்கு மேல். கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களின் மலைச்சரிவுகளிலே இழப்பு மிகுதி. இங்கே களனி கங்கை பெருகிக் கொலன்னாவை, வெல்லம்பிட்டி, கடுவலைப் பகுதிகளை மூழ்கடித்தது. எச்சரிக்கைகள் தமிழிற் குறைவாகவும் பிந்தியும் வந்தன, சில வராமலே போயின என்ற குறை அந்நாட்களிலேயே பரவலாக எழுந்தது. வடக்கிலும் கிழக்கிலும் மக்கள் பலர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் புவியியற்றுறையைச் சேர்ந்த நாகமுத்து பிரதீபராஜா முகநூலில் தமிழில் எழுதிவரும் வானிலைக் குறிப்புகளையே எதிர்பார்த்திருந்தனர். ஒருவர் தம் ஆர்வத்தினால் ஆற்றும் தொண்டு போற்றுதற்குரியது. ஆயினும் அரசொன்றின் கடமையை ஒருவருடைய ஆர்வத்தின்மேல் ஏற்றிவைப்பது அவருக்கும் முறையன்று, மக்களுக்கும் முறையன்று.

இனி, கையடக்கத் தொலைபேசிக்கு எச்சரிக்கை வருவது எவ்வாறு என்பதைச் சிறிது நோக்குவோம். பொறியியல் எனக்குப் புறம்பான துறை. எனினும் மாணவர் சிலர் விளக்கக் கேட்டும் வாசித்தும் அறிந்தவற்றைச் சொல்கின்றேன். நாம் அறிந்த குறுஞ்செய்தி கடிதம் போன்றது. ஒவ்வொரு விலாசத்துக்கும், அதாவது ஒவ்வோர் இலக்கத்துக்கும், தனித்தனியே போக வேண்டும். நூறாயிரம் பேருக்கு அனுப்பினால் நூறாயிரம் கடிதம். ஆபத்து வேளையில் எல்லாரும் ஒருவரையொருவர் அழைக்கும்போது வழி அடைபட்டுக் கடிதங்கள் தேங்கும். மற்றொரு முறை உண்டு. ‘செல் புரோட்காஸ்ட்’ என்பர். கோபுர அறிவிப்பு என்று யான் இங்கே வழங்குகின்றேன். தொலைபேசிக் கோபுரம் ஒரே செய்தியை ஒரே முறை தன் எல்லைக்குள் முழக்கும். அவ்வெல்லைக்குள் நிற்கும் கருவிகள் யாவும் அதனை ஒருங்கே கேட்கும். இலக்கம் வேண்டியதில்லை, பெயர்ப்பதிவு வேண்டியதில்லை, நெரிசலும் இல்லை. வழிப்போக்கனாய் வந்தவனுக்கும் கேட்கும். ஊரைவிட்டு வெளியே சென்றவனுக்குக் கேளாது. எந்தக் கோபுரங்கள் முழங்க வேண்டும் என்பதை மட்டும் தெரிந்தெடுத்தாற் போதும். இது பறையேயன்றி வேறென்ன?

இம்முறை நமக்குப் புதிதன்று என்பதுதான் வியப்பு. 2004ஆம் ஆண்டு மார்கழியில் ஆழிப்பேரலை எவ்வித முன்னறிவிப்புமின்றி வந்து இந்நாட்டில் 30,000க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுசென்றது. 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கச் சட்டம் அதன்பின் வந்தது. அனர்த்த முகாமைத்துவ நிலையமும் வந்தது. டயலொக் நிறுவனமும் மொறட்டுவைப் பல்கலைக்கழகமும் மைக்ரோஇமேஜ் நிறுவனமும் கூடி, குறுஞ்செய்தியையும் கோபுர அறிவிப்பையும் இணைத்து அமைத்த எச்சரிக்கை வலைப்பின்னல் 2009ஆம் ஆண்டிலேயே தொடங்கிவைக்கப்பட்டது. ஜெர்மனி அப்போது இதனைக் கொண்டிருக்கவில்லை. 2021ஆம் ஆண்டு ஆர் நதிப் பள்ளத்தாக்கிலும் அயற்புறங்களிலும் வெள்ளம் வந்து 180க்கும் மேற்பட்டோர் இறந்த பின்னரே அந்நாடு விழித்தெழுந்து 2023இல் கோபுர அறிவிப்பை நிறுவியது. அதே 2023இல் இந்தியாவில் மாநிலந்தோறும் சோதனை நடந்தது. தமிழ்நாட்டில் ஒரே நேரத்தில் எண்ணிறந்த தொலைபேசிகள் அலறியமை பலருக்கு நினைவிருக்கும். நாம் முந்தித் தொடங்கியவர்கள். முந்தித் தொடங்கியதை முற்றச் செய்யாது விடுதல் நம் நாட்டின் பழைய நோய். அது தனிக் கட்டுரைக்குரிய பொருள்.

இம்முறையிற் கோபுரம் தன் எல்லையைத் தானே அறியும். மேலே கூறிய அம்மையார் தம் பிரதேச செயலகப் பிரிவின் பெயரை அறிந்திருக்க வேண்டியதில்லை. அவர் எங்கே நிற்கின்றார் என்பதே விலாசம். தோட்டங்களுக்குக் காகிதத்தில் ஒரு பெயரும் மக்கள் வாயில் வேறொரு பெயரும் வழங்குவதை மலையகத்தார் அறிவர். அப்பெயர்க்குழப்பமெல்லாம் இம்முறையில் ஒழிந்துபோகும்.

கொழும்பிலும் இதற்குப் பயன் உண்டு. களனி கங்கை பெருகுங்காலத்து, நாகலகம் வீதி அளவுகோலில் நீர்மட்டம் இத்தனை அடி என்று வானொலி சொல்லும். நாகலகம் வீதி எங்குள்ளது என்று கொட்டாஞ்சேனையார்க்குத் தெரியும். கொலன்னாவையில் வாடகை வீட்டிலிருக்கும் ஒருவருக்கு அந்த அடிக்கணக்கு என்ன சொல்கின்றது? அவர் வாசற்படிக்கு நீர் வருமா, எப்போது வரும் என்பதன்றோ அவருக்கு வேண்டியது? கிருலப்பனையிலேயே ஹைலெவல் வீதி மேட்டில் இருப்போர்க்குப் பெருமழை ஒரு காட்சி. கால்வாய்க் கரையில் இருப்போர்க்கு அது கட்டிலின்மேல் பாயைச் சுருட்டி வைக்கும் இரவு. இருவர்க்கும் இடைத்தூரம் சில நூறு அடிதான். “கொழும்பு மாவட்டத்துக்குப் பலத்த மழை” என்னும் அறிவிப்பு இருவர்க்கும் ஒன்றையே சொல்கின்றது. ஆதலால் ஒருவர்க்கும் ஒன்றும் சொல்லாததாகின்றது. கோபுர எல்லையும் அத்துணை நுட்பமானதன்று என்பதை ஒப்புகின்றேன். ஆயினும் மாவட்டத்தினும் அது நுட்பம்.

ஆகவே இடமறிதல் என்னும் சிக்கலைக் கருவி ஏறத்தாழத் தீர்த்துவிட்டது. தீராதது மொழி.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய குறையன்று. 2021ஆம் ஆண்டு செப்டெம்பர் முதலாம் திகதி இரவு, ஐடா புயலின் எச்சமாக வந்த மழை நியூயோர்க் நகரை மூழ்கடித்தது. நிலத்தின் கீழறைகளில் வாடகைக்கு இருந்த 11 பேர் அங்கேயே மாண்டனர். அவருட் பலர் ஆசிய நாடுகளிலிருந்து குடியேறியோர். நகர மக்களின் தொலைபேசிகள் அன்றிரவு ஒலிக்காமலில்லை. ஆனால் அவ்வெச்சரிக்கை முறை அறிந்த மொழிகள் ஆங்கிலமும் இசுப்பானியமும் மட்டுமே. சீனமும் நேபாளியும் பேசுவோர்க்கு அது வெறும் ஓசை. உலகின் செல்வ நகரத்திலேயே இவ்வாறாயின், வெறும் ஓசை உயிர் காக்காது என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

நம் நாட்டில் தமிழ் விருந்தாளி மொழியன்று. 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தத்தினால் அரசகரும மொழியாயிற்று. ஏட்டில் அது உறுதியாகவே உள்ளது. உலகெங்கும் எச்சரிக்கைகளை அனுப்புதற்கு வகுக்கப்பட்ட பொது நெறிமுறையும், ஓர் எச்சரிக்கைக்குள்ளேயே மொழிக்கு ஓர் அறையாகப் பல மொழிகளை வைத்து அனுப்ப இடந்தருகின்றது. தமிழுக்குரிய அறை வெறுமையாகக் கிடந்தால் அது பொறியின் குற்றமன்று. நள்ளிரவில் அவ்வறையை நிரப்புதற்கு ஆள் வைக்காதவர் குற்றம்.

இங்கு நுணுக்கமான வேறு சில இடர்களும் உள. சில முறைகளில், தொலைபேசியின் பட்டியல் எந்த மொழியில் உள்ளதோ அந்த மொழிச் செய்தியே திரையில் தோன்றுமாறு அமைப்பர். கேட்பதற்கு அழகான ஏற்பாடு. ஆனால் நம்மவருட் பெரும்பாலோர் தொலைபேசியை வாங்கியபோது கடைக்காரர் வைத்துக்கொடுத்த ஆங்கிலத்திலேயே விட்டுவிடுகின்றனர். யானும் அப்படித்தான், தமிழ்ப் பண்டிதன் தொலைபேசி ஆங்கிலம் பேசுகின்றது என்று என் மாணவர் நகைப்பர். அத்தகையோர்க்குத் தமிழ்ச் செய்தி அனுப்பப்பட்டும் வந்து சேராது. ஆகலின் மலையகத்துக் கோபுரங்களும், வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைக் கோபுரங்களும், கருவியின் விருப்பம் கேளாமலே இரு மொழியிலும் முழங்க வேண்டும். மற்றொன்று: பழைய பொத்தான் தொலைபேசிகள் பலவற்றில் தமிழெழுத்து வெறுங் கட்டங்களாகத் தோன்றும். தோட்டங்களில் வயோதிபர் கையிலிருப்பவை பெரும்பாலும் அவையே. அவர்க்கு எழுத்தன்று, குரலே வேண்டும். படமாக அனுப்பப்படும் செய்தி எல்லாவற்றிலும் கேடானது. அதனைக் கருவியால் வாசித்துக் காட்டவும் எளிதன்று, மொழிபெயர்க்கவும் எளிதன்று. அன்றிரவு யான் கண்ணாடி தேடிய நேரத்தை நினைத்தால் இன்னும் நெஞ்சு நடுங்குகின்றது.

தமிழில் வருவதனாலேயே எல்லாம் நிறைவுறுமோ எனின், அதுவுமில்லை. என் தொழிலுக்கு நேரே உரிய இடம் இது. நம் அலுவலகத் தமிழ் எச்சரிக்கும் முறையைப் பாருங்கள். பொதுமக்கள் மிகுந்த அவதானத்துடன் செயற்படுமாறு கேட்டுக்கொள்ளப்படுகின்றனர் என்று முடியும். யார் கேட்டுக்கொள்கின்றனர்? எழுவாய் மறைந்தது. யாரை? ‘பொதுமக்கள்’ என்னும் படர்க்கையை. முன்னிலையில் நிற்பவனை நோக்கிப் பேசாமல், அவனைப் பற்றி வேறு யாருக்கோ அறிக்கை எழுதும் நடை இது. மலை இடிந்து வருங்கால் செயப்பாட்டுவினையில் யாரும் கூவுவதில்லை. ஏவல் என்றொரு வினை நம் மொழியில் இருப்பது இதற்காகவே. அச்சத்திலும் விரைவிலும் ஒரு சொல் இரண்டு மூன்று முறை அடுக்கி வரும் என்று நன்னூலார் இடந்தந்தார். ‘பாம்பு பாம்பு’ என்றும் ‘தீ தீ தீ’ என்றும் அதற்கு நாம் வகுப்பில் உதாரணம் காட்டுகின்றோம். எச்சரிக்கை எவ்வாறு பிறக்கும் என்பதை இலக்கணம் அறியும், திணைக்களம் அறியவில்லை.

எண்ணிக்கைக் கணக்கொன்றும் உண்டு. குறுஞ்செய்தி ஒன்றினுள் ஆங்கில எழுத்தாயின் 160 இடம். தமிழாயின் 70 இடம். அதிலும் கருவி நம்மைப் போல் எழுத்தை எண்ணுவதில்லை. மெய்யின் புள்ளிக்கு ஓரிடம், உயிர்மெய்யின் விசிறிக்கும் கொம்புக்கும் ஓரிடம் எனத் தனித்தனியே எண்ணும். ‘மண்சரிவு’ நமக்கு ஐந்தெழுத்து, கருவிக்கு எட்டு. ‘கேட்டுக்கொள்ளப்படுகின்றனர்’ என்னும் ஒரு சொல் மட்டும் 26 இடத்தை விழுங்கிவிடும். எழுபதில் மூன்றிலொன்றுக்கு மேல் போயிற்று, இன்னும் ஒன்றும் சொன்னபாடில்லை. கோபுர அறிவிப்பு இன்னும் சிறிய பக்கங்களாகப் பகுத்துச் செல்லும். பதினைந்து பக்கம் வரை நீளலாம் என்பர். ஆயினும் ஓடவேண்டியவன் பதினைந்தாம் பக்கம் வரை நின்று படிப்பானா? வேடிக்கையாகத் திருக்குறளின் முதற்குறளை அம்முறையில் எண்ணிப் பார்த்தேன். இடைவெளி உட்பட 45. வள்ளுவர் செய்தி அனுப்பியிருந்தால் கட்டணம் ஒன்றேதான். சுருங்கச் சொல்லல், விளங்கவைத்தல் என்பவற்றை நூலழகுகளுள் முதலிரண்டாக வைத்த மரபினர் நாம். உயிர் காக்கும் இடத்திலே மட்டும் வளவளத்தல் தகுமோ?

எழுதிப் பார்த்தேன். “மண்சரிவு வரும். வீட்டை விட்டு இப்போதே கோயிலுக்குப் போங்கள்.” எண்ணினால் 59. என்ன நேரும், எப்போது செய்யவேண்டும், எங்கே போகவேண்டும் என்னும் மூன்றும் அதில் உள.

‘எங்கே’ என்பதைச் சற்று நின்று நோக்க வேண்டும். 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் கொஸ்லாந்தை மீரியபெத்தைத் தோட்டத்து லயங்கள் மண்ணுள் புதைந்தன. அவ்விடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. ஆகவே அங்கு அறிவு இல்லாமற் போகவில்லை. போவதற்கு ஓர் இடந்தான் இல்லாமற் போயிற்று. லயம் தோட்டத்துக்குரியது, நிலம் தோட்டத்துக்குரியது. அங்கிருந்து எழுந்து போ என்றால் எந்த நிலத்துக்குப் போவது? “வெளியேறுங்கள்” என்னும் ஏவலை அனுப்புமுன், இந்த லயத்துக்கு இந்தப் பாடசாலை, அந்த லயத்துக்கு அந்தக் கோயில் மண்டபம் என்று முன்கூட்டியே குறித்து, அதன் கூரை ஒழுகுகின்றதா என்றும் பார்த்து வைக்காத திணைக்களம் பாதிச் சொல்லையே சொல்கின்றது. நிரந்தர வீட்டுக்கு வேறு மலையில் காணி தருவது பெரிய கடமை. அதனைத் தொலைபேசிச் செய்தியால் ஈடுசெய்ய முடியாது.

காலமும் அத்தகையதே. 2024ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் திகதி இசுப்பானியாவின் வலென்சியாவில் எச்சரிக்கை ஒவ்வொரு தொலைபேசியிலும் அலறிற்று. நல்ல மொழியில், நல்ல ஒலியுடன் அலறிற்று. மணி அப்போது இரவு எட்டைத் தாண்டிப் பதினொரு நிமிடம். வெள்ளம் அதற்கு முன்பே வந்து பலரைக் கொண்டுபோயிருந்தது. இறந்தோர் தொகை 220ஐக் கடந்தது. நம் மலைகளில் இன்னுமொரு காரணத்தால் முந்திக்கொள்ள வேண்டும். மின்சாரம் அறும், கோபுரம் சாயும், மின்கலம் ஓயும். நவம்பர் இறுதியில் பல ஊர்கள் அவ்வாறே நாட்கணக்கில் ஊமையாயின. முதல்நாள் மாலை வாராத எச்சரிக்கை மறுநாட் காலை வர வழியே இராது. அதற்காக எடுத்ததற்கெல்லாம் அலறினால், புலி வருகின்றது என்ற சிறுவன் கதையாய் முடியும். 2018ஆம் ஆண்டு சனவரியில் ஹவாய்த் தீவினர்க்கு ஏவுகணை வருகின்றது என்று தவறாக வந்த செய்தியைத் திருத்த 38 நிமிடம் சென்றது.

கோபுரம் ஓய்ந்த பின்னர் மனிதனே பறை. வங்காள தேசத்தில் 1970ஆம் ஆண்டுப் பெரும்புயல் இலட்சக்கணக்கானோரைக் கொன்ற பின், 1972இல் தொண்டர்படை அமைத்தனர்; ஊர்ஊராய் ஒலிபெருக்கியும் கொடியும் கொண்டு நடந்து சென்று சொல்லும் அவ்வேற்பாடு இன்றும் நடக்கின்றது. நம் தோட்டங்களில் பெரட்டுக்கு ஆளழைக்க ஒருகாலத்தில் தப்பு முழங்கியது. இன்று கோயில்தோறும் ஒலிபெருக்கி உண்டு. ஆடித் திருவிழாவில் அதன் வல்லமையை அயலார் நன்கறிவர். தொலைபேசிக்கு வரும் முதற்செய்தி அந்த ஒலிபெருக்கிக்கு உரியவரையும் தோட்டத் தலைவரையும் எழுப்புமாயின், வெறுங்கட்டம் காட்டும் தொலைபேசி வைத்திருக்கும் மூதாட்டிக்கும் செய்தி போய்ச் சேரும்.

தமிழ் எழுதுவோர் செய்யக்கூடியது ஒன்று உண்டு. எச்சரிக்கை வாக்கியங்களை மழை வந்த இரவில் உட்கார்ந்து மொழிபெயர்த்தல் ஆகாது. வெயிற்காலத்திலேயே எழுதி வைத்துவிட வேண்டும். வெள்ளத்துக்குச் சில, மண்சரிவுக்குச் சில, குளம் வான்பாய்தற்கும் வான்கதவு திறத்தற்கும் சில, சூறாவளிக்குச் சில. இடப்பெயரும் நேரமும் மட்டும் வெற்றிடமாக இருக்கட்டும். முப்பது நாற்பது வாக்கியத்துக்கு மேல் தேவையில்லை. அவற்றைத் தமிழாசிரியர் எழுதித் தோட்டத்தாரும் மீனவரும் வாசித்து ஒப்பிய பின்னரே திணைக்களம் ஏற்க வேண்டும். தமிழ்நாட்டு அறிக்கைகளைப் பார்த்தெழுதலும் பயன்படாது. அவர்களுடைய புயல் நமக்குச் சூறாவளி. அவர்களுடைய நிலச்சரிவு நமக்கு மண்சரிவு. அவர்கள் மதகு என்னுமிடத்தில் நாம் வான்கதவு என்போம். இலக்கிய வழக்கில் வேறுபாடு அழகு. எச்சரிக்கையில் அது ஒரு கணத் தடுமாற்றம்.

சென்ற மாதம் இதனை என் வகுப்பில் பயிற்சியாகக் கொடுத்தேன். என் வாக்கியத்தைக் கரும்பலகையில் எழுதி, இதனைத் திருத்துக என்றேன். பண்டிதர் எழுதியதைத் திருத்தப் பிள்ளைகள் கூசினர். விடுமுறைதோறும் அட்டன் பக்கம் தன் ஆச்சி வீட்டுக்குப் போய்வரும் மாணவன் ஒருவன் மட்டும் எழுந்து, “ஐயா, எங்க ஆச்சிக்கு இது விளங்காது, மண்சரிவுன்னா அவங்களுக்கு ரேடியோ செய்தி மாதிரி” என்றான். “அப்படியானால் நீ எழுது” என்றேன். வந்து எழுதினான்: “மலை சரியுது. எல்லாரும் இப்பவே கோயிலுக்குப் போங்க.”

பேச்சு வழக்கைக் கரும்பலகையில் ஏற்ற விடாதவன் யான். முப்பது ஆண்டாக அப்பழக்கம். சுண்ணக்கட்டியை வாங்கித் திருத்தப் போன கை ‘சரியுது’ என்னும் சொல்லில் நின்றது. மலை இன்னும் சரியவில்லை, சரியப்போகின்றது. எதிர்காலத்துக்குரியதை அவன் நிகழ்காலத்தாற் சொல்லியிருந்தான். விரைவும் தெளிவும் கருதிய இடத்துக் காலம் மயங்கலாம் என்று நன்னூலில் அவ்வகுப்புக்கே யான் பாடஞ்சொன்னது அதற்கு முந்திய வாரந்தான். என்னுடைய ‘மண்சரிவு வரும்’ என்பதைக் கேட்டவன் எப்போது வரும் என்று நின்று கேட்பான். ‘மலை சரியுது’ என்பதைக் கேட்டவன் எழுந்து ஓடுவான். இடங்களை எண்ணினோம்; பிள்ளைகளும் கூடவே விரல் மடக்கி எண்ணினர். 49 வந்தது. என்னுடையதை அழித்துவிட்டு அவனுடையதை எல்லாரும் கொப்பியில் எழுதிக்கொள்ளுமாறு சொன்னேன்.